குட்டைவலசு டீச்சரின் தொண்டை

என் மனைவி சித்ராவுக்குக் குரல் பெரிது. பெண் பார்க்கப் போன அன்று அவளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டுவிட்டேன். "காபில சர்க்கரை கம்மின்னு யாராவது சொன்னா அதுக்கு நான் பொறுப்பில்ல, இப்பவே சொல்லிட்டேன்" என்று உள்ளே யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தாள். கூட வந்திருந்த என் பெரியப்பா காதருகே குனிந்து, "பொண்ணு டீச்சருக்குப் படிச்சிருக்குதுன்னாங்க. நெசந்தான் போல" என்றார். எனக்கு அந்தக் குரல் பிடித்துப்போனது. நான் சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவன். நாக்பூரில் நிற்கும் டிரைவரோடு இங்கிருந்தே போனில் சண்டை போட்டுப் பழகியவன். மெல்லப் பேசுகிறவர்களைக் கண்டால் இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அவள் பிறந்து வளர்ந்தது அயோத்தியாப்பட்டணத்தில். கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் பேச்சு அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. 'ஊட்டுக்கு வாரேனுங்க' என்று என் அக்கா சொல்வதை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லிக் காட்டுவாள். இரண்டே வருஷத்தில் பேச்சில் எங்களையே மிஞ்சிவிட்டாள். தனியார் நர்சரிப் பள்ளியில் வெகுகாலம் கத்திவிட்டு, அரசு வேலை வருமா வராதா என்று காத்துக் கிடந்து, தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகுதான் ஆர்டர் வந்தது. முதலில் மேச்சேரிப் பக்கம் போட்டார்கள். பஸ் மாறிப் போய், பஸ் மாறி வருவாள். பிறகு மாறுதலில் குட்டைவலசு கிடைத்தது. சங்ககிரியிலிருந்து பைக்கில் கொண்டுபோய் விட்டுவிடலாம். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தோம்.

குட்டைவலசில் இருப்பது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. இரண்டு அறை, ஒரு சமையல்கூடம், ஒரு கொடிக்கம்பம். மதிலை ஒட்டிச் சென்னியப்பன் என்கிற பெரியவரின் தறிக்கூடம். பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்ததே அவருடைய அப்பாதான். விசைத்தறிச் சத்தம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பக்கத்தில் நிற்கிறவர் வாயைத் திறப்பது தெரியும், என்ன சொல்கிறார் என்பது தெரியாது. அந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் தறி ஓட்டுகிறவர்கள். கூடத்துக்குள் கையாலேயே பேசிக்கொள்வார்கள். நூல் அறுந்துவிட்டது, மேஸ்திரி வருகிறார், நீ போய்ச் சாப்பிடு, உன் பிள்ளை அழுகிறது, எல்லாவற்றுக்கும் கையும் விரலும் புருவமும் போதும். பிள்ளைகளும் அதைப் பார்த்தே வளர்கிறார்கள்.

சித்ரா அங்கே போனபோது கூட ஒரு டீச்சர் இருந்தார். அவர் ரிட்டயர் ஆனார். அந்த இடத்துக்கு இதோ ஆள் வருகிறது, அதோ வருகிறது என்றார்கள். ஏழு வருஷம் ஆயிற்று. அந்த ஏழு வருஷமும் அவள்தான் தலைமையாசிரியை, அவள்தான் ஒன்றாம் வகுப்பு டீச்சர், அவள்தான் ஐந்தாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகள் பதினோரு பேர்தானே என்று கேட்கலாம். நானும் கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டேன். பதினோரு பேரும் ஐந்து வகுப்பில் இருக்கிறார்கள். ஒரு மூலையில் 'அம்மா, ஆடு', இன்னொரு மூலையில் பின்னக்கணக்கு, நடுவில் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று நிற்கும் பிள்ளை, அதற்குள் ஆன்லைனில் ஏற்ற வேண்டிய விவரம் கேட்டு போன். இத்தனையும் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் நடத்த வேண்டும். லீவு என்கிற பேச்சே கிடையாது. அவள் லீவு போட்டால் பள்ளிக்கூடத்தைப் பூட்ட வேண்டும்.

ஓடைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், மேட்டுப்புதூர். அங்கேயும் ஒரு தொடக்கப்பள்ளி, அங்கேயும் ஒரே ஒரு ஆசிரியர். நந்தகுமார் சார் என்று பெயர். இளைஞர், சாது, எப்போது பார்த்தாலும் தூக்கம் போதாதவர் மாதிரி இருப்பார். பயிற்சிக்குப் போகும் முறை வந்தால் இவளும் அவரும் போனில் பேசி வைத்துக்கொண்டு, ஒருவர் போக, மற்றவர் இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட நாட்களில் பிள்ளைகள் ஓடையைத் தாண்டிக் குதித்துக்கொண்டு போவார்கள். வைத்துக்கொண்ட டீச்சருக்குத்தான் மறுநாள் எழுந்திருக்க முடியாது. ஒரு நாளைக்கு மேல் இது தாங்காது.

இந்த வருஷம் தை மாதத்தில் சித்ராவின் குரல் உடையத் தொடங்கியது. சமையலறையிலிருந்து அவள் கூப்பிட்டு எனக்குக் கேட்கவில்லை. என் காதுதான் போய்விட்டது என்று நான் பயந்தேன். மாசி முடிவதற்குள் சாயங்காலமானால் அவள் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் இரண்டிலும் காய்ப்பு விழுந்திருக்கிறது என்றார். மண்வெட்டி பிடித்தால் உள்ளங்கை காய்த்துப்போகிற மாதிரி. முதலில் இரண்டு வாரம் வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுப்பதும் கூடாது. அதற்குப் பிறகும் கத்தாமல் வேலை செய்ய வேண்டும். "கத்தினீங்கன்னா ஆபரேஷன் பண்ணாலும் திரும்ப வந்துடும். அப்புறம் குரல் மீளும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்" என்றார். கூட இன்னொரு டீச்சர் கிடையாதா என்று கேட்டார். சித்ரா மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

அந்த வாரமே பேச்சு வந்தது. குட்டைவலசுப் பள்ளியையும் மேட்டுப்புதூர்ப் பள்ளியையும் ஒன்றாக்கலாம் என்று கல்வித் துறையில் ஒரு யோசனை. மேட்டுப்புதூரில் கட்டடம் பெரிது, எல்லாரும் அங்கே. ஆசிரியர்கள் இரண்டு பேரும் அங்கே. ஊர்க்காரர்கள் சம்மதித்தால் ஜூனில் நடக்கும். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது சித்ராவின் முகத்தைப் பார்த்தேன். எங்கள் மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்த அன்றுகூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை. "ஏனுங்க, ரெண்டு பேருங்க" என்றாள் கரகரப்பாக. "அவரு பாதி, நான் பாதி. தறியும் இல்ல. எந்தொண்டை பொழச்சுக்கும்."

எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. அது மறுநாள் சாயங்காலம் வரைக்கும்தான்.

மறுநாள் பிரவீனா வந்திருக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா, தறி ஓட்டுகிறவள், நல்ல சூட்டிகை. பின்னால் ஊர்ப் பெண்கள் ஒரு கூட்டம். எல்லாரும் கையெழுத்துப் போட்ட மனுவை டீச்சர் கையில் கொடுத்து, "நீங்க வெசனப்படாதீங்க டீச்சர். நாங்க இருக்கறோம். நம்ம பள்ளிக்கூடத்த மூட உட மாட்டோம், உங்களையும் உட்டுத் தர மாட்டோம்" என்றிருக்கிறாள். பள்ளியில் சமையல் செய்யும் செல்லாயி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாளாம். சித்ரா என்ன சொன்னாள்? தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு குணம் உண்டு. முகத்துக்கு நேரே மறுத்துப் பேச வராது. வேண்டாம் என்பதைக்கூட 'பாக்கலாமுங்க' என்றுதான் சொல்லுவோம். சேலத்துக் கிழக்கே பிறந்தவள், படபடவென்று பேசியவள், அவளுக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டுக்கு வந்து என்னிடம்தான் பாய்ந்தாள். "நான் என்னன்னுங்க சொல்றது? அத்தன பேரு எனக்காக வந்து நிக்கறாங்க. எனக்கு இந்தப் பள்ளிக்கூடம் வேண்டாமுன்னா சொல்றது?" என்றாள். சொன்னவளுக்கு அதற்கு மேல் சத்தம் வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழக்கூடச் சத்தம் வராத அழுகையைப் பார்த்துக்கொண்டு நிற்பது மிகவும் கொடுமை.

மருத்துவ விடுப்பு போடு என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்திருந்ததால் போனில் தட்டிக் காட்டினாள். இந்த நேரத்தில் தான் லீவு போட்டுப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தால், அதைக் காட்டியே மூடிவிட்டார்கள் என்று ஊர் பேசும், ஊரை ஏமாற்றிய மாதிரி ஆகிவிடும் என்று எழுதியிருந்தாள். வாயை மூடிக்கொண்டே இரண்டு வாரம் பாடம் நடத்தப் போகிறாளாம். தொண்டை விஷயம் யாருக்கும் தெரியக் கூடாது என்று என் கையில் அடித்து வாக்கும் வாங்கிக்கொண்டாள். நான் என் அக்கா சொன்ன கைவைத்தியப்படி மஞ்சளைக் குழைத்துக் கழுத்தில் பற்றுப் போட்டு, மேலே ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிவிட்டேன். துணியும் மஞ்சளாகிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் குட்டைவலசு மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டார்கள். மூன்று கிளை உள்ள மரத்தை வெட்டி வந்து கோயில் முன்னால் நடுவதுதான் கம்பம். அதற்குப் பெண்கள் தினமும் காலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கம்பம் நட்டுவிட்டால் ஊரில் பாதிப் பேர் ஏதாவது ஒரு நேர்த்திக்கு விரதம் பிடிப்பார்கள், மஞ்சள் துணி உடுத்துவார்கள். மறுநாள் காலை சித்ரா டீச்சர் கழுத்தில் மஞ்சள் துணியோடு பைக்கிலிருந்து இறங்கினாள். கும்பிட்டவர்களுக்குத் திரும்பக் கும்பிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் பார்த்தது. அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் என்னவோ ஆச்சரியமாக நடந்ததாம். அவள் விரலைக் காட்டினாள், பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். வீட்டில் அம்மாவும் அப்பாவும் பேசுகிற பாஷைதானே. ஒன்றாம் வகுப்புக் கவின் என்கிற பொடியன், டீச்சர் இரண்டு விரலைக் கத்திரியாகக் காட்டியதும், 'நூல் அறுந்தது' என்று நினைத்து எழுந்து ஓடித் தறிக்கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தானாம். டீச்சர் சொன்னது பேப்பரை வெட்டச் சொல்லி. மற்றபடி அந்த இரண்டு வாரத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்த பாடம் குறைவில்லை என்று அவளே பெருமையாக எழுதிக் காட்டினாள்.

எனக்கு விஷயம் தெரிந்தது மூன்று நாலு நாள் கழித்து. அவளை இறக்கிவிட்டுத் திரும்புகிறேன், சென்னியப்பன் தறிக்கூட வாசலில் கையைக் காட்டி நிறுத்தினார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"தம்பி, எங்கூட்டுப் புள்ளகூட இந்த ஊருக்காவ இப்பிடிச் செய்யாதுங்க. வாயக் கட்டி மவுன விரதம் புடிக்கறதுன்னா லேசுங்களா? அதும் புள்ளைங்களோட மல்லுக்கட்டற வேலைல. பள்ளிக்கூடம் நெலைக்கோணும்னு ஆத்தாகிட்ட நின்னுபோட்டுதுங்க அம்மிணி. இனி எவன் வந்து மூடறான்னு பாத்தர்லாம்."

"அதுங்க..." என்று இழுத்தேன். வாக்குக் கொடுத்திருக்கிறேனே. "பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அவளைச் சொல்கிறேனே, எனக்கும் அதே வியாதிதான்.

அதற்குப் பிறகு அது நிற்கவில்லை. டீச்சரே வாயைக் கட்டும்போது நாம் சும்மா இருப்பதா என்று செல்லாயி அக்கா ஒருவேளைச் சோற்றை விட்டாள். பிரவீனா தினமும் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றி, பள்ளிக்கூடம் நிலைத்தால் பூவோடு எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்தி வருவதுதான் பூவோடு. அவளைப் பார்த்து இன்னும் சில பேர். கேட்கக் கேட்க சித்ராவுக்கு முகம் வெளுத்தது. எழுதிக் காட்டி நிறுத்தலாம் என்று செல்லாயியிடம் ஒருநாள் சிலேட்டில், 'இது விரதம் இல்லை' என்று எழுதியிருக்கிறாள். செல்லாயி அக்கா அதைப் படித்துவிட்டு, "ஆமாங்க டீச்சர், வெளிய சொல்லப்படாதுங்க. சொன்னா பலன் போயிருமுங்க" என்று சிலேட்டைத் தானே துடைத்து வைத்தாளாம். வீட்டுக்கு வந்து இதை எழுதிக் காட்டியபோது எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. அவள் சிரிக்கவில்லை. இணைப்பு நின்றுபோனால் தொண்டை போய்விடும். நடந்தால் அத்தனை பேர் நேர்த்தியும் பொய்யாகிவிடும், ஆத்தாளே கைவிட்டுவிட்டாள் என்று ஊர் அழும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுக்கு அடி.

கூட்டம் அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா நேரில் வந்திருந்தார். நந்தகுமார் சார் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நானும் போய்ப் பின்னால் நின்றேன். பெரிய அதிகாரி வருகிறார் என்று சென்னியப்பன் தறிகளை எல்லாம் நிறுத்தச் சொல்லியிருந்தார். அந்தப் பள்ளிக்கூடம் தறி ஓடாமல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெளியே ஒரு கோழி கொக்கரித்தது தெளிவாகக் கேட்டது.

பிரவீனா எழுந்து, ஓடையில் தண்ணீர் வந்தால் பிள்ளைகள் எப்படிப் போவார்கள் என்றாள். அலுவலர் அம்மா, தார் ரோட்டில் பாலம் இருக்கிறதே, மழை நாளில் அதன் மேல் சுற்றிப் போகலாமே என்றார். இடம் எங்கப்பா கொடுத்தது என்றார் சென்னியப்பன். இடம் எங்கும் போகாது, அங்கன்வாடிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் அம்மா. அடுத்தடுத்து எழுந்தவர்களும் அழுத்தமாகத்தான் பேசினார்கள். ஆனால் எனக்கு ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. பேசுகிற ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் சித்ராவைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற மாதிரி.

"தலைமையாசிரியர் என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார் அலுவலர் அம்மா.

"அம்மிணி பேசாதுங்க" என்றார் சென்னியப்பன். "விரதமுங்க. அதுக்கும் சேத்து நாங்க பேசியாச்சுங்க."

சித்ரா எழுந்தாள். கழுத்துத் துணியை அவிழ்த்து மேஜை மேல் வைத்தாள். அவள் வாயைத் திறக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் பக்கத்தில் இருந்த செல்லாயி அக்கா பாய்ந்து எழுந்து, கையால் அவள் வாயைப் பொத்திவிட்டாள். "வேண்டாமுங்க டீச்சர். இத்தன நாள் இருந்துபோட்டு இன்னிக்கி முறிக்காதீங்க."

டாக்டர் சொன்ன நாள் இன்னும் முடியவில்லை. பேசினாலும் கெடுதல், பேசாவிட்டால் அதைவிடக் கெடுதல். சித்ரா செல்லாயியின் கையை மெதுவாக விலக்கினாள். விலக்கிய கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"விரதம் இல்லீங்க" என்றாள். தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி ஒரு குரல். தறி ஓடியிருந்தால் முதல் வரிசைக்கே கேட்டிருக்காது. "எனக்குத் தொண்டை போச்சுங்க. ஏழு வருசமாக் கத்திக் கத்திப் போச்சு. தனியா முடியலீங்க. எனக்கு மேட்டுப்புதூர் போவோணும். பள்ளிக்கூடம் ஒண்ணாகோணும். உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல வரல. மன்னிச்சுக்குங்க."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. உட்கார்ந்துவிட்டாள். கையில் அடித்துக் கொடுத்த வாக்கு இனி எனக்கில்லை என்று நான் முன்னால் போய், சேலத்து டாக்டர் சொன்னதை எல்லாம் கொட்டினேன். லாரி ஆபீஸ் குரலில்தான் கொட்டியிருப்பேன். இனியும் கத்தினால் இவளுக்குக் குரலே இருக்காது என்று சொல்லும்போது என் குரலே உடைந்தது. அதில் எனக்கு வெட்கம் இல்லை.

பிரவீனா நின்றபடியே டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கோபப்படப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ தலையில் கையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க டீச்சர்" என்றாள். "உங்கள எங்கியோ தூக்கிப் போட்ருவாங்க, நீங்க மனசு ஒடஞ்சு போயிருவீங்கன்னுதானுங்க நாங்க மனுவே எழுதுனோம். என்ற புள்ள மூணாவதுல ஒத்தையா உக்காந்திருக்குது. பர்ஸ்ட் ரேங்கும் அவதான், கடைசி ரேங்கும் அவதான். வெளையாட ஆளில்லீன்னு தினமும் அழுகுது. அங்க போனா நாலு புள்ளைங்க இருக்குமேன்னு ஆசைதானுங்க. உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு இருந்தேன்."

"நானுந்தானுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. கபடிக்கு ஆள் சேராததைச் சொன்னார் ஒருவர். வருஷா வருஷம் ஆள் வரும் வரும் என்று ஏமாந்ததைச் சொன்னாள் ஒருத்தி. ஊரே ஆளுக்கு ஆள் டீச்சருக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. டீச்சர் ஊருக்காக மூடிக்கொண்டிருந்தாள். மவுன விரதம் இருந்தது அவள் ஒருத்தி இல்லை.

சென்னியப்பன் மட்டும் மதில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கேட்டார். "எந்தறிச் சத்தத்துலீங்களா தம்பி?"

என்ன சொல்ல? வழக்கம்போல இழுக்கப் பார்த்தேன். சித்ரா என்னைப் பார்த்த பார்வையில், "ஆமாங்க, அதும் ஒரு காரணமுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பன் புள்ளைங்க படிக்கட்டும்னுதான் எடம் குடுத்தாரு. டீச்சரோட தொண்டையக் கேக்கல. போகட்டுமுங்க. எல்லாரும் சேர்ந்தே போகட்டும். இத மொதல்லயே சொல்லியிருந்தா அம்மிணி, கூட்டமே கூடியிருக்க வேண்டாமே" என்றார். அலுவலர் அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வந்ததிலிருந்து அவர் முதுகை நாற்காலியில் வைத்து நான் பார்க்கவில்லை. ஓரத்தில் நந்தகுமார் சார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

செல்லாயி அக்காவுக்கு மட்டும் ஒரு கவலை பாக்கி. "அப்பறம் நேந்துக்கிட்ட பூவோடுங்க? பள்ளிக்கூடம் நெலச்சாத்தானே எடுக்கறதாச் சொன்னோம். ஆத்தாளுக்கு என்ன பதில் சொல்றது?"

கோயில் விஷயத்தில் அந்த ஊரில் சென்னியப்பன் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அவர் யோசித்தார். "டீச்சர் தொண்டைக்குன்னு எடுங்க. ஆத்தா கணக்கு மாத்திக்குவா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சித்ராவும் சிரித்தாள், சத்தமில்லாமல். அந்தச் சிரிப்பில் அவள் தோள் இரண்டும் கீழே இறங்கியதைப் பார்த்தேன். எத்தனை நாளாக அதைத் தூக்கி வைத்திருந்தாளோ.

திருவிழாவில் பிரவீனாவும் இன்னும் சில பெண்களும் பூவோடு எடுத்தார்கள். சித்ரா பக்கத்தில் வேப்பிலையோடு நடந்தாள். மீதி நாட்களையும் வாய் திறக்காமல் முடித்தாள். விடுமுறை மாதம் முழுக்க வீட்டில் மெல்லப் பேசினாள், நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்கப் பழகிக்கொண்டேன். மறுபடி டாக்டரிடம் போனபோது காய்ப்பு பாதிக்கு மேல் வடிந்திருக்கிறது, கத்தாமல் இருந்தால் ஆபரேஷன் வேண்டியதில்லை என்றார். பழைய வெண்கலக் குரல் திரும்பவில்லை. கொஞ்சம் இறங்கி, கரகரப்பாக ஒரு குரல் வந்திருக்கிறது. பெண் பார்க்கப் போன அன்று கேட்டதைவிட எனக்கு இது இன்னும் பிடித்திருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் தலைக்கு மேல் ஏறிவிடுவாள்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று மேட்டுப்புதூரில் அவளை இறக்கிவிட்டேன். குட்டைவலசுப் பிள்ளைகள் பாலத்து வழியாக வந்திருந்தார்கள், கூடவே பிரவீனா, கூடவே செல்லாயி அக்கா. நந்தகுமார் சார் வாசலில் நின்று, "டீச்சர், சின்னவங்கள எடுத்துக்கறீங்களா, பெரியவங்களயா?" என்று கேட்டார். அரசு வேலைக்கு வந்ததிலிருந்து அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை. யோசித்துவிட்டு, சின்னவர்கள் என்றாள்.

மத்தியானம் ஆபீசில் நான் ஒரு டிரைவரோடு கத்திக்கொண்டிருந்தபோது அவள் போன் வந்தது. பள்ளி நேரத்தில் அவள் போன் செய்ததே இல்லை. என்ன ஆயிற்றோ என்று டிரைவரை அப்படியே விட்டுவிட்டு எடுத்தேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள். "என்ற புள்ளைங்க எழுதிட்டு இருக்குது. பக்கத்து ரூம்ல சார் பெரிய பசங்களுக்குக் கணக்கு நடத்தறாரு. அந்தச் சத்தம் இங்க கேக்குது. ஏழு வருசமா நான் மட்டுந்தானுங்க பேசீட்டு இருந்தேன். இன்னொருத்தர் பாடம் நடத்தறதக் கேட்டுட்டுச் சும்மா உக்காந்திருக்கறேன்."

அவள் போனை அந்தப் பக்கம் திருப்பினாள். யாரோ ஒருவர் பின்னக்கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு, அவர் அந்தக் கணக்கை முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.